கைக்குழி

பள்ளிக்கூட மண்டபத்துச் சுவரில் எங்கள் பேட்டையின் வரைபடத்தை ஒட்டியிருந்தார்கள். நாலு பேர் கைகோத்து நின்றால் எவ்வளவு அகலமோ அவ்வளவு பெரிய காகிதம். அதில் எங்கள் சந்து ஒரு விரல் நீளம்தான் இருந்தது. அந்த விரல் நீளத்தின் மேல் சிவப்பு மையில் தடித்த கோடு ஒன்று ஓடியது. கோட்டுக்கு அடியில் பதினான்கு வீடுகள். இருபதடிச் சாலை வரப்போகிறது, குறுக்கே நிற்பவை அகற்றப்படும் என்று ஓரத்தில் சின்ன எழுத்தில் போட்டிருந்தார்கள். சந்தில் மொத்தமே இருபத்திரண்டு வீடுகள்.

குடியிருப்பவர்களிடம் கருத்துக் கேட்கும் கூட்டம் என்று வாசலில் துணி கட்டியிருந்தது. கருத்துக் கேட்பது எப்படி என்று எங்களுக்குத் தெரியும். ஒரு பெட்டி வைப்பார்கள். சீட்டு எழுதிப் போடுவோம். பெட்டி வண்டியேறிப் போய்விடும். அதற்குப் பிறகு பெட்டியும் திரும்பாது, சீட்டும் திரும்பாது.

நான் அப்போது அந்தச் சந்தின் ஆறாவது வீட்டு மாடியில் ஒற்றை அறையில் வாடகைக்கு இருந்தேன். அச்சகத்தில் மெய்ப்புத் திருத்தும் வேலை. எனக்கென்று ஒரு செங்கல்கூட இல்லாததால் கோடு என்னைத் தொடவில்லை. ஆனாலும் போனேன். சந்தே போகும்போது ஒருத்தன் மட்டும் மாடியில் உட்கார்ந்திருக்க முடியாது.

கூச்சல் போடுவதற்குக்கூட எங்களுக்கு முழு வாய் இல்லாமல் போனதுதான் சங்கடம். முந்தின கோடையில் சந்தின் கடைசி வீட்டில், மெத்தைக்காரர் வீட்டில், தீப்பிடித்தது. பஞ்சு. தீயணைப்பு வண்டி பெரிய சாலையிலேயே நின்றுவிட்டது. குழாய் பாதிச் சந்துக்கு மேல் எட்டவில்லை. வாளி வாளியாக நாங்கள்தான் ஊற்றினோம். மெத்தைக்காரர் மனைவிக்கு வலது கை முழங்கை வரைக்கும் வெந்துபோயிற்று. உயிர் பிழைத்தார். ஆனால் அந்த விரல்கள் இன்றைக்கும் ஊசியைச் சுற்றி மடங்குவதில்லை. அதனால் வண்டி வரக்கூடாது என்று சொல்ல யாருக்கும் வாய் வரவில்லை. வீடு போகட்டும் என்று சொல்ல யாருக்கும் மனம் வரவில்லை.

திட்ட அலுவலகத்திலிருந்து வந்த இன்ஜினியரம்மா சின்னப் பெண். பல பேட்டைகளில் பேசிப் பேசித் தொண்டை கட்டியிருந்தது.

"வண்டி கடைசி வீடு வரைக்கும் போகணும். அதுக்குத்தான் இந்த ரோடு. உங்களுக்கு வேற வழி தெரிஞ்சா சொல்லுங்க. ஆனா சும்மா வேண்டாம் வேண்டாம்னா எனக்கு மேல இருக்கிறவங்களுக்குப் பதில் சொல்ல முடியாது. அளவோட, படத்தோட கொடுங்க. ஆறு வாரம் டைம்."

"நாங்க என்ன இன்ஜினியரா படத்தோட கொடுக்க?" என்று பின்வரிசையிலிருந்து ஒருவர் கத்தினார். எல்லாரும் சேர்ந்து கத்தினார்கள். அந்தச் சத்தத்துக்கு நடுவில் மூன்றாவது வரிசையில் ஒரு கை உயர்ந்தது. கை அப்படியே நின்றது. சத்தம் தானாக அடங்கும்வரை இறங்கவில்லை.

"அம்மா, வண்டி எவ்வளவு அகலம்?"

கேட்டது தையலக்கா. வளைவில் இருக்கிற வெல்டருடைய மனைவி.

இன்ஜினியரம்மா தாளைப் புரட்டினார். "பெரிய வண்டி எட்டடி."

"சின்ன வண்டி இருக்கா?"

"இருக்கு. அது..." இன்னொரு தாள். "ஆறரை, ஏழடிக்குள்ள வரும்."

"ஏழடி வண்டிக்கு எதுக்குங்க இருபதடி?"

"விதி அப்படி."

"விதி சரி. எங்க சந்து பதினோரு அடி இருக்கே. ஏழு போனா நாலு மிச்சம். நேர் பாதையில வண்டி தாராளமாப் போகும். வளைவுலதான் இடிக்கும். சட்டைக்குக் கை வைக்கிறோம். கை நுழையணும்ங்கிறதுக்காக முழுக் கையையும் மூட்டை மாதிரி தைக்கிறோமா? கைக்குழிய ஒழுங்கா வெட்டினாப் போதும்."

மண்டபத்தில் சிரிப்பு எழுந்தது. இன்ஜினியரம்மா சிரிக்கவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"சரிம்மா. வெட்டிக் காட்டுங்க" என்றார்.

எங்கள் சந்து பெரிய சாலையிலிருந்து நேராக உள்ளே வந்து, ஒன்பதாவது வீட்டருகில் மடக்கிய முழங்கை போல வலது பக்கம் திரும்பும். அந்த முழங்கையின் உள்மடிப்பில் இருந்தது வெல்டர் வீடு. கீழே பட்டறை. மேலே ஒரு அறை, ஒரு சமையலிடம். அறையில் சாலையைப் பார்த்த ஜன்னலோரம் தையலக்காவின் மிஷின். கீழே இரும்பு தேய்க்கிற கிரைண்டர் கத்தும், மேலே மிஷின் ஓடும். இரண்டும் ஒரே நேரத்தில் நின்றால் சந்தே நிமிர்ந்து பார்க்கும். சாப்பாட்டு நேரமாக இருக்க வேண்டும், இல்லையென்றால் சண்டையாக இருக்க வேண்டும்.

அக்கா பெரும்பாலும் பள்ளிச் சீருடைகள் தைப்பார். வளர்கிற பிள்ளைகளுக்கு மடிப்பில் துணி விட்டுத் தைப்பதில் கெட்டிக்காரி. மூன்று வருடம் போட்ட காற்சட்டையை அவிழ்த்து இறக்கிக் கொடுத்தால் நான்காவது வருடமும் போடலாம். கழுத்தில் டேப் இல்லாமல் நான் அவரைப் பார்த்ததில்லை.

கூட்டம் முடிந்த மறுநாளே என் அறைக்கு வந்தார்.

"தம்பி, உங்க கையெழுத்து நல்லாருக்கும்னு சொல்றாங்க. நான் அளவு சொல்லச் சொல்ல எழுதணும். வருவீங்களா?"

அப்படித்தான் நான் அதில் மாட்டினேன். தினமும் மாலை நாலரைக்கு, அச்சகத்திலிருந்து வந்த கையோடு, நோட்டும் பென்சிலுமாக அக்காவின் பின்னால் போனேன். வெயில் காலம். சுவர்கள் அந்த நேரத்திலும் அடுப்புபோல் சுடும். அக்கா டேப்பின் ஒரு முனையை ஒரு சுவரில் வைத்து என்னைப் பிடிக்கச் சொல்வார். மறுமுனையை எதிர்ச்சுவரில் வைத்துக் குனிந்து பார்ப்பார். ஒரு முறை அல்ல. தரையில் ஒரு அளவு, இடுப்பு உயரத்தில் ஒரு அளவு, தலைக்கு மேல் ஒரு அளவு.

"சுவரும் மனுஷன் மாதிரிதான் தம்பி. கீழ ஒண்ணு இருக்கும், மேல ஒண்ணு இருக்கும்."

நாங்கள் வருவது தெரிந்ததும் வீடுகளுக்கு முன்னால் பரபரப்பு நடக்கும். பூந்தொட்டி உள்ளே போகும். வெளியே நீட்டிக்கொண்டிருந்த பெஞ்சு மாயமாகும். பேக்கரிக்காரர் தன் கடைப் பலகையை மடக்கிச் சுவரோடு ஒட்டிப் பிடித்துக்கொண்டு, பிறந்ததிலிருந்தே அப்படித்தான் நிற்பவர் போல நின்றார்.

"அண்ணே, பலகைய விரிங்க."

"எப்பவும் இப்படித்தாம்மா இருக்கும்."

"அளவெடுக்கையில வயித்தை எக்கினா சட்டை யாருக்குப் பத்தாது? உங்களுக்குத்தான். விரிங்க."

விரித்தார். ஒன்றேகால் அடி. எழுதிக்கொண்டேன்.

வண்டியையும் அளந்தோம். தீயணைப்பு நிலையத்துக்கு நேராகப் போய், சின்ன வண்டியைச் சுற்றி வந்து, தரையில் துணி விரித்துப் படுத்துச் சக்கரத்துக்குச் சக்கரம் அளந்தார். வண்டி ஓட்டுநர் பருத்த மனிதர். நாற்காலியில் சாய்ந்தபடியே கேட்டார்:

"என்னம்மா, வண்டிக்கு உறை தைக்கப் போறீங்களா?"

"தைக்கலாம். தொந்திய எக்காம நிக்கச் சொல்லுங்க."

அவர் தன் தொந்தியைக் குனிந்து பார்த்துக்கொண்டார். பிறகு எழுந்து வந்து, வண்டி திரும்பும்போது முன் சக்கரம் போகிற வழியில் பின் சக்கரம் போகாது, உள்ளே ஒதுங்கும் என்பதை ஒரு குச்சியால் மண்ணில் கோடு போட்டுக் காட்டினார். அக்கா அந்தக் கோட்டை வெகுநேரம் பார்த்தார். பிறகு அதையும் டேப்பால் அளந்தார்.

அந்த அளவுக்கு ஒரு போலி வண்டி செய்தது வெல்டர். அதில் அவருக்குத் தாங்க முடியாத உற்சாகம். பழைய பைப்புகளை வெட்டி, பதினெட்டடி நீளம் ஏழடி அகலத்துக்குச் சட்டம் அடித்து, கைவண்டிச் சக்கரங்களை மாட்டி, முன் சக்கரங்கள் திரும்புவதற்கு ஒரு ஸ்டியரிங்கும் வைத்தார். "என் பொண்டாட்டி படம் போடுவா, நான் வண்டி விடுவேன்" என்று பட்டறைக்கு வந்தவர்களிடமெல்லாம் சொன்னார். ஒரு ஹாரனும் வைத்தார். அது எதற்கு என்று கேட்டதற்கு, "ஹாரன் இல்லாத வண்டி வண்டியா?" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை காலை சந்தே கூடிவிட்டது. வெல்டர் சட்டத்துக்குள் நின்று ஸ்டியரிங்கைப் பிடித்தார். எட்டுப் பேர் தள்ளினார்கள். நேர்ப்பாதையில் இரண்டு பக்கமும் இரண்டடி மிச்சம் வைத்து வண்டி ராஜா மாதிரி போயிற்று. பேக்கரிக்காரர் தன் பலகையைத் தானாகவே மடக்கினார். ஹாரன் அடித்தது. கைதட்டினார்கள்.

வளைவில் வெல்டர் முடிந்த மட்டும் ஒடித்தார். முன்பக்கம் எதிர்மூலைச் சுவரை உரசாமல் திரும்பிவிட்டது. பின்பக்கம் உள்ளே ஒதுங்கி ஒதுங்கி வந்து 'டங்' என்று ஒரு சுவரில் முட்டி நின்றது. பின்னால் இழுத்து மறுபடி தள்ளினார்கள். மறுபடி அதே இடத்தில் 'டங்'.

வெல்டர் திரும்பிப் பார்த்தார். முட்டிய சுவர் அவருடைய பட்டறையின் மூலை.

அக்கா வந்து குனிந்து, சட்டத்துக்கும் சுவருக்கும் டேப் பிடித்தார். என்னைப் பார்த்துச் சொன்னார்: "எழுதிக்கோங்க தம்பி. உள்மூலை. மூணடி ரெண்டு அங்குலம்."

குரலில் எந்த மாற்றமும் இல்லை. பேக்கரிக்காரர் பலகையின் அளவை அக்கா சொன்ன அதே குரல்.

அன்று மத்தியானம் அவர்கள் வீட்டு மாடியில் உட்கார்ந்து கணக்கைச் சுத்தப் பிரதி எடுத்துக்கொண்டிருந்தேன். அக்கா ரொட்டியும் அவித்த முட்டையும் தட்டில் வைத்திருந்தார். வெல்டர் படியேறி வந்தார். கைகூடக் கழுவவில்லை.

"எழுதிட்டீங்களா தம்பி?"

"எழுதிட்டேன்ணே."

"எதிர்மூலைய வெட்டினா என்னாகும்? அதை அளந்தாளா?"

அக்காவே பதில் சொன்னார். "அளந்தேன். அங்க வெட்டினாலும் வண்டி திரும்பும். ஆனா அஞ்சடி வெட்டணும்."

எதிர்மூலை கடிகாரக்காரர் வீடு. கடிகாரம் பழுதுபார்க்கிறவர். தனியாள். ஒரே அறை. சாலையோரத்துச் சுவரில் சாய்த்து ஒரு கட்டில், ஜன்னலடியில் ஒரு மேஜை, அவ்வளவுதான்.

"அஞ்சடின்னா அஞ்சடி. அவரு ஒண்டி ஆளுதானே."

"ஒண்டி ஆளுக்குக் கட்டில் வேணாமா? கட்டில் இருக்கிற இடம்தான் போகுது."

"கட்டிலைத் திருப்பிப் போட்டுக்கலாம். என் பெஞ்சைத் திருப்பிப் போட முடியுமா? எட்டடி இரும்பு கேட்டை எங்க படுக்கப் போட்டு வெல்டு அடிப்பேன்? உன் மடியிலயா? அந்த மூலை நான் கட்டினது. ஒவ்வொரு கல்லா லீவு நாள்ல கட்டினது. ஊருக்கெல்லாம் இரும்பு கேட்டு செஞ்சு குடுக்கிறேன், எனக்குன்னு இருக்கிறது அந்த ஒரு மூலை. இன்னும் சொல்றேன், அதுக்கு மேலதான் உன் மிஷின் நிக்குது. அதையாவது யோசிச்சியா?"

"யோசிச்சேன்."

"யோசிச்சு?"

"சுவர் உங்களோடது. வெட்டுங்கன்னு நான் சொல்லலை. அளவு மட்டும்தான் என்னுது. அதை நான் சொல்லித்தான் ஆகணும்."

"சொல்லாத. டேப்பைக் கொஞ்சம் தளத்திப் பிடி. உள்மூலை ஒண்ணரை அடி, எதிர்மூலை ரெண்டடி, ரெண்டு பக்கமும் கொஞ்சம் கொஞ்சம் போனாப் போதும்னு வரட்டும். அவங்க என்ன டேப்பைத் தூக்கிட்டு வந்து படுத்துப் பாக்கப் போறாங்களா?"

மிஷின் மேல் கிடந்த காற்சட்டையை அக்கா எடுத்து மடித்தார். மடித்ததை மறுபடி உதறி மடித்தார்.

"தம்பி, இதையும் எழுதிக்கோங்க" என்றார்.

நான் தட்டைப் பார்த்தேன்.

"இருபத்தாறு வருஷமா இந்த டேப்பை வச்சுச் சாப்பிட்டிருக்கேன். ஒரு பிள்ளை சட்டைகூட அளவு தப்பிப் போனதில்லை. நாளைக்கு வண்டி வந்து பாதியில நின்னு, அந்த மெத்தைக்காரம்மாவோட இன்னொரு கையும் போச்சுன்னா, நீங்க கேட்டுக்கு வெல்டு அடிச்சிட்டு இருப்பீங்க. நான் டேப்பைக் கழுத்துல போட்டுக்கிட்டு எந்த வழியா நடக்கிறது?"

வெல்டர் விறுவிறுவென்று இறங்கிப் போனார். கீழே கிரைண்டர் கத்த ஆரம்பித்தது. ஞாயிற்றுக்கிழமை அவர் வேலை செய்து நான் பார்த்ததில்லை.

நாலு நாள் அந்த வீட்டில் பேச்சில்லை. கிரைண்டர் நிற்காமல் கத்தியது, மிஷின் நிற்காமல் ஓடியது. சாப்பாடு ஒரு தட்டில் மூடிப் படியில் வைக்கப்பட்டது. காலித் தட்டு அதே படிக்குத் திரும்பி வந்தது. கழுவித்தான் வந்தது என்பதை மட்டும் சொல்ல வேண்டும். சந்தில் யாரும் அவர்களிடம் வாய் திறக்கவில்லை. போலி வண்டியைக் கொண்டுபோய்ப் பெரிய சாலையோரம் நிறுத்தி, அதன் மேல் ஒரு தார்ப்பாயைப் போட்டு மூடினார்கள். பேக்கரிக்காரர் மட்டும் என்னிடம் மெல்லக் கேட்டார்: "அக்கா அளவுல ஒரு பிழையும் இருக்காதா தம்பி?" இருக்காது என்றேன். "அதான் பயம்" என்றார்.

நாலாம் நாள் என் ஜன்னல் கொக்கி ஒன்றைப் பற்றவைக்கப் பட்டறைக்குப் போயிருந்தேன். கடிகாரக்காரர் சந்தைக் கடந்து வந்தார். கையில் வீட்டுச் சாவி. வாசலில் நின்று, நெருப்புப் பொறி அடங்கும்வரை முகத்தைத் திருப்பிக்கொண்டு காத்திருந்தார்.

"வெல்டரே, என் பக்கம் வெட்டினாலும் ஆகுமாமே. பேக்கரில பேசிக்கிட்டாங்க."

வெல்டர் முகமூடியை நெற்றிக்கு ஏற்றினார்.

"எடுத்துக்கோங்க. உங்களுக்குத் தொழில் நடக்கிற இடம். எனக்கு என்ன, படுக்கிற இடம்தானே. கட்டிலை நேத்து திருப்பிப் போட்டுப் பாத்துட்டேன். கால் மட்டும் வாசலுக்கு வெளிய நீட்டிக்கிட்டு இருக்கும் போல. பரவால்ல. வண்டி வந்தா மடக்கிக்கிறேன்." சொல்லிவிட்டுச் சாவியைப் பெஞ்சு மேல் வைத்தார். "நான் இல்லாத நேரம் அளக்கணும்னா அளந்துக்கோங்க."

கிண்டல் இல்லை. அவர் வாழ்நாளில் யாரையும் கிண்டல் செய்தவர் அல்ல.

வெல்டர் சாவியைப் பார்த்தார். இத்தனை நாள் வேண்டும் வேண்டும் என்று அடம்பிடித்தது கைக்கெட்டும் தூரத்தில் கிடந்தது. கை நீளவில்லை. முகமூடியைக் கழற்றி வைத்தார்.

"டீ குடிக்கிறீங்களா ஐயா?"

டீ வந்தது. இரண்டு பேரும் குடித்தார்கள். போகும்போது வெல்டர் சாவியை எடுத்துக் கடிகாரக்காரர் சட்டைப் பையில் போட்டு, பையை மேலே ஒரு தட்டுத் தட்டினார். என் கொக்கியை அவர் தலைகீழாகப் பற்றவைத்திருந்தார். நான் சொல்லவில்லை.

மறுநாள் விடிந்ததும் நான் பல் துலக்கிக்கொண்டு ஜன்னலில் நின்றேன். வெல்டர் தன் மூலைக்கு வெளியே குந்தியிருந்தார். தரையில் சாக்குக்கட்டியால் ஒரு கோடு போட்டார். எழுந்து நின்று பார்த்தார். அழித்தார். மறுபடி போட்டார். மேலே மிஷின் ஓடிக்கொண்டிருந்தது. நாலு நாளுக்குப் பிறகு முதன்முதலாக அண்ணாந்து கூப்பிட்டார்.

"ஏம்மா! கைக்குழிய நேரா வெட்டுவியா, வளைச்சு வெட்டுவியா?"

மிஷின் நின்றது.

"எந்த மடையனாவது நேரா வெட்டுவானா?"

"மடையனுக்குத்தான் தெரியலைன்னு கேக்கிறான். இறங்கி வா."

அக்கா இறங்கி வந்தார். கையில் பழுப்புக் காகிதச் சுருள். சட்டை வெட்டுவதற்கு முன்னால் மாதிரி வெட்டுகிற காகிதம். பட்டறைத் தரையைப் பெருக்கி, நாலு காகிதங்களை ஒட்டி விரித்து, மூலையின் உண்மை அளவில் வரைந்தார்கள். வெல்டர் போட்ட நேர்க்கோட்டில் பெஞ்சின் கால் பாகம் போயிற்று. அக்கா அதையே பெஞ்சை விட்டு விலகுகிற மாதிரி வளைத்தார். வண்டியின் பின்சக்கரம் போகிற வழிக்குச் சரியாக அந்த வளைவு பொருந்தியது. பெஞ்சில் பதினாலு அங்குலம் தப்பித்தது.

"பதினாலு அங்குலம்!" வெல்டர் அதைக் கையால் அளந்து அளந்து பார்த்தார். "இத்தனை நாள் ஏன் சொல்லலை?"

"கேக்கலியே நீங்க."

"மேல உன் மிஷினு?"

"அதுக்குத்தான் நீங்க இருக்கீங்களே."

அந்த வார்த்தைக்கு அந்த மனுஷன் நிமிர்ந்ததைப் பார்க்க வேண்டும். மேலறையை அப்படியே நிறுத்தி, கீழ்மூலையை மட்டும் எடுப்பது என்று முடிவாயிற்று. மேல்தளத்தைத் தாங்க வளைந்த இரும்புச் சட்டம் ஒன்று. அடியில் வண்டியின் தலை தட்டாமல் போக உயரம் இருக்கிறதா என்று அளந்தார்கள். கேட்டுகளை நிமிர்த்தி வைப்பதற்காக வெல்டர் பட்டறையைப் பதினோரு அடி உயரத்துக்குக் கட்டியிருந்தார். வண்டி ஒன்பதரை. போதும்.

ஆறு வாரம் முடிய இரண்டு நாள் இருக்கும்போது படம் போயிற்று. இருபத்திரண்டு வீட்டின் அளவும் என் கையெழுத்தில். வளைவு மட்டும் அக்காவின் பழுப்புக் காகிதத்தில், அசல் அளவில், மடித்து. அலுவலகத்தில் அதை விரிக்க மேஜை போதாமல் தரையில் விரித்தார்களாம். இன்ஜினியரம்மா ஒரு வாரம் கழித்து இரண்டு பேருடன் வந்தார். மூன்று இடத்தில் அவரே அளந்தார். மூன்றும் எங்கள் நோட்டோடு ஒத்துப்போயின.

"யார் அளந்தது?"

"இவங்கதான்" என்று பத்துப் பதினைந்து விரல்கள் நீண்டன. முதலில் நீண்டது வெல்டருடைய விரல்.

"இரும்புச் சட்டம் போட்ட பிறகு எங்க ஆள் வந்து பாத்துக் கையெழுத்துப் போடணும். அதுக்கப்புறம் சுவரை எடுங்க. எடுத்ததும் நிஜ வண்டி வரும். ஒரே தடவைல திரும்பணும், பின்னால எடுத்து எடுத்துத் திரும்பினா ஒத்துக்க மாட்டாங்க. திரும்பலைன்னா..."

"திரும்பலைன்னா மூலையும் போச்சு, கோடும் நிக்கும். தெரியும்மா" என்றார் வெல்டர். "எடுக்கிறேன்."

மழை தொடங்குவதற்குள் முடிக்க வேண்டும் என்று அலைந்தார்கள். சட்டத்தை வளைக்க நாலு நாள். சூடேற்றுவார், சம்மட்டியால் தட்டுவார், காகிதத்தின் மேல் வைத்துப் பார்ப்பார், உதட்டைப் பிதுக்குவார், மறுபடி சூடேற்றுவார். அக்கா பக்கத்தில் நின்று, "கக்கத்துல இழுக்குது பாருங்க, இன்னும் ஒரு நூல்" என்பார். ஜாக்கிகள் வைத்து மேல்தளத்தைத் தாங்கிப் பிடித்து, சட்டத்தை ஏற்றி, பற்றவைத்து, அலுவலக ஆள் வந்து தட்டிப் பார்த்துக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போன பிறகு, வெல்டர் கடப்பாரையை எடுத்தார். முதல் கல்லை அவர்தான் எடுத்தார். எடுத்த கல்லைக் கையில் வைத்துக்கொண்டு சற்று நின்றார். பிறகு பக்கத்தில் நின்ற மெத்தைக்காரரிடம் கொடுத்தார். அவர் அடுத்தவரிடம். சந்து முழுக்க வரிசையாக நின்று கைமாற்றிக் கைமாற்றிக் கல்லை வெளியேற்றினார்கள். மெத்தைக்காரர் மனைவியும் வரிசையில் நின்றார். மடங்காத கையை அடியில் கொடுத்து, நல்ல கையால் கல்லை அணைத்து வாங்கினார். அவரிடம் மட்டும் யாரும் அவசரப்படுத்தவில்லை.

இடிக்கும்போதும் அக்கா மேலே தைத்துக்கொண்டிருந்தார். இறங்கச் சொன்னதற்கு, "என் வீட்டுக்காரர் போட்ட சட்டம் தாங்காதா?" என்றார். கீழே கேட்டுக்கொண்டிருந்த வெல்டருக்குப் பல் தெரிந்தது.

வண்டி வந்த அன்று லேசான தூறல். பதினோரு மணிக்கு என்று சொல்லி, பன்னிரண்டரைக்கு வந்தது. சந்தின் வாயில் அந்தச் சிவப்பு நிறத்தைப் பார்த்ததும் பேக்கரிக்காரர் பலகையை மடக்கினார். ஓட்டியவர் அதே பருத்த மனிதர். ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, "எங்கம்மா என் தையல்காரம்மா?" என்று கேட்டார். அக்கா மாடி ஜன்னலிலிருந்து கையைக் காட்டினார்.

"மேலயே இருக்கீங்களா? நான் முட்டிட்டா?"

"நான் அளந்தது சரியா இருக்கும். நீங்க ஓட்டுறது சரியா இருக்குமான்னு பாருங்க."

வண்டி நகர்ந்தது. நேர்ப்பாதையை யாரும் பார்க்கவில்லை. சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டு எல்லாரும் வளைவையே பார்த்தோம். கடிகாரக்காரர் தன் வாசற்படியில் காலை உள்ளே இழுத்துக்கொண்டு நின்றார். முன்பக்கம் திரும்பியது. அவர் ஜன்னலுக்கும் வண்டிக்கும் ஒரு சாண் இடைவெளி. பின்சக்கரம் உள்ளே ஒதுங்கத் தொடங்கியது. ஒதுங்கி, ஒதுங்கி, வளைந்த சுவரை நெருங்கியது. வெல்டர் மூலைக்குப் பக்கத்தில் குந்தி, கண்ணைச் சுவரோடு வைத்திருந்தார். அவருடைய வாய் எதையோ முணுமுணுத்தது. சக்கரம் சுவரின் வளைவோடு வளைந்து, தொடாமல், ஒரே வேகத்தில், குழியைக் கடந்தது.

"நாலு விரல்!" வெல்டர் கையை உயர்த்திக் கத்தினார். "நாலு விரல் மிச்சம்! முழுசா நாலு விரல்!"

அதற்கு மேல் யார் என்ன சொன்னார்கள் என்று எனக்கு நினைவில்லை. வண்டி மெத்தைக்காரர் வாசலில் போய் நின்றது. அவர் மனைவி வெளியே வந்து அதன் முன்பக்கத்தைத் தொட்டார். அந்தக் கையாலேயே தொட்டார். ஓட்டுநர் இறங்கி வந்து வளைவு வரைக்கும் திரும்ப நடந்தார். தரையையும் சுவரையும் மாறி மாறிப் பார்த்தார். அண்ணாந்து சொன்னார்: "பிரேக்ல கால் வைக்கலைம்மா."

இன்ஜினியரம்மா மழைத்துளி விழுந்த தாளைத் துடைத்துத் துடைத்து எழுதிக்கொண்டிருந்தார். பள்ளிக்கூட மண்டபத்தில் அடுத்த மாதம் புதிய வரைபடம் ஒட்டினார்கள். எங்கள் சந்து அதே விரல் நீளம்தான். மேலே கோடு இல்லை. வளைவில் மட்டும், உற்றுப் பார்த்தால் தெரியும், ஒரு சின்னக் குழிவு. மெய்ப்புத் திருத்துகிறவன் என்பதால் நான் மூக்கு முட்ட நெருங்கிப் பார்த்தேன். அது அச்சுப்பிழை அல்ல.

அதற்குப் பிறகு ஒரு நாள், வாடகை அறையைக் காலி செய்துகொண்டு போகும் முன் சொல்லிக்கொள்ளப் பட்டறைக்குப் போனேன். வெல்டர் புதுப் பெஞ்சில் ஒரு கேட்டைக் குறுக்காகப் படுக்கவைத்திருந்தார். முன்னைவிட நெருக்கம்தான். கேட்டின் ஒரு கால் பகுதி வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. மேலே மிஷின் சத்தம் இல்லை. சீருடையைக் கையில் பிடித்துக்கொண்டு ஒரு அம்மாள் வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார்.

"அக்கா இல்லையா?"

"இல்லைங்க. ரயிலடிப் பக்கம் ஒரு பேட்டையிலருந்து ஆள் வந்து கூட்டிட்டுப் போயிருக்காங்க. அளவெடுக்க."

"அவ்வளவு தூரமா? யாருக்கு அளவெடுக்க?"

வெல்டர் முகமூடியை நெற்றிக்கு ஏற்றி, அந்த அம்மாளை நன்றாக ஒரு முறை பார்த்துக்கொண்டார்.

"ஒரு தெருவுக்கு" என்றார்.